மகளுக்கு ஷ்வைன்ஃபுர்ட்டில் இடம் கிடைத்திருக்கிறது: அந்த ஊரில் இருந்தவர்கள் யாராவது உண்டா?

கொண்டலாம்பட்டி லேத்:

எல்லோருக்கும் வணக்கம். சேலத்தில் கொண்டலாம்பட்டி பக்கம் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பெரும்பாலும் விசைத்தறிக்காரர்கள் வேலைதான்: ஷாஃப்ட், புஷ், ரோலர். என் மகள் இங்கே பொறியியல் முதல் வருடம் முடித்துவிட்டு, ஜெர்மனியில் மெக்கட்ரானிக்ஸ் (மிஷினும் எலக்ட்ரானிக்ஸும் சேர்ந்த படிப்பு) படிக்க மனுப் போட்டாள். இடம் வந்துவிட்டது. ஊர் பெயர் ஷ்வைன்ஃபுர்ட். அக்டோபரில் கிளம்ப வேண்டும்.

அந்தப் பெயரை நான் ஒரே ஒரு இடத்தில்தான் பார்த்திருக்கிறேன். அப்பா காலத்துப் பேரிங் கேட்டலாக் ஒன்று பட்டறையில் கிடக்கிறது. அட்டை போய்விட்டது, பக்கத்துக்குப் பக்கம் கிரீஸ் கறை. அதில் எஃப்ஏஜி என்று பெரிதாகப் போட்டு, கீழே சின்ன எழுத்தில் ஷ்வைன்ஃபுர்ட் என்று இருக்கும். முப்பது வருடமாகப் பார்க்கிறேன், அது ஒரு ஊர் என்று தோன்றியதே இல்லை. கம்பெனி முதலாளி பெயராக்கும் என்று நினைத்திருந்தேன்.

கன்சல்டன்சியில் கேட்டால் "சூப்பர் ஊர் சார்" என்கிறார்கள். எந்த ஊரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். யூடியூபில் பார்த்தால் மேலே பறந்துகொண்டே எடுத்த படம். ஆறு, பாலம், பின்னால் பாட்டு. பறவைக்கு அது போதும், பெண்ணை அனுப்புகிறவனுக்குப் போதாது. எவ்வளவு பெரிய ஊர், என்ன மாதிரி ஜனங்கள், ராத்திரி ஒரு பெண் தனியாக நடந்து வரலாமா, குளிர் தாங்குமா, ஆற்றில் வெள்ளம் வருமா? வீட்டில் கேட்கச் சொன்னது: பக்கத்தில் கோயில் உண்டா? இருந்து பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

அஞ்சு ரோட்டான்:

சார், நான் மியூனிக்கில் இருக்கிறேன். அந்த ஊர் வழியாக ஒரு தடவை ரயிலில் போனேன். ஃபேக்டரி, அப்புறம் ஃபேக்டரி, அதற்கு அப்புறமும் ஃபேக்டரி. ஜெர்மனிக்கு வந்து அங்கே போய் உட்காருவதற்கு மேட்டூரிலேயே இருந்துவிடலாம். இன்னும் வேறு கல்லூரியிலிருந்து பதில் வர வேண்டியிருந்தால் காத்திருந்து பெரிய ஊராகப் பார்க்கச் சொல்லுங்கள்.

நாகலூர் காப்பி:

அஞ்சு ரோட்டுத் தம்பி சொன்னதில் பொய் இல்லை. பெரிய ஆலைகள் எல்லாம் ஸ்டேஷனை ஒட்டியே இருக்கின்றன, ரயிலிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் சூரமங்கலம் ஜங்ஷனில் வண்டி நிற்கிற ஐந்து நிமிடத்தில் பார்த்ததை வைத்து ஒருவர் சேலத்தைப் பற்றித் தீர்ப்புச் சொன்னால் நாம் சும்மா விடுவோமா?

அண்ணா, நான் ஏற்காடு நாகலூர். 2013-லிருந்து 2018 வரை ஷ்வைன்ஃபுர்ட்டில் குடியிருந்தோம். வீட்டுக்காரருக்கு அங்கே ஒரு ஆலையில் வேலை. எனக்கு விசாவில் வேலை செய்ய அனுமதி இருந்தும் மொழி தெரியாததால் வேலை கிடைக்கவில்லை, அதனால் முதல் இரண்டு வருடம் ஊரைச் சுற்றி நடந்தேன். ஊரை அங்குலம் அங்குலமாகத் தெரியும். இப்போது திரும்பி வந்து மாமனாரின் காப்பித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறோம். நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயரிலிருந்து வருகிறேன். ஷ்வைன் என்றால் பன்றி. ஃபுர்ட் என்றால் ஆற்றில் இறங்கி நடந்து கடக்கிற துறை. பன்றித்துறை! உண்மையிலேயே பன்றியால் வந்த பெயரா என்பதில் அந்த ஊர்க்காரர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஆனால் துறை என்பதில் சந்தேகமில்லை. ஃபிராங்க்ஃபுர்ட்டும் அதே ஆற்றின் துறைதான், ஓக்ஸன்ஃபுர்ட் என்று எருதுத்துறை ஒன்றும் வழியில் இருக்கிறது. நமக்கு மயிலாடுதுறை, அவர்களுக்குப் பன்றியாடுதுறை. ஆற்றின் பெயர் மைன். எழுத்தைப் பார்த்து மெயின் என்று சொல்லிவிட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். நான் மூன்று மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஊரில் ஏறக்குறைய 54 ஆயிரம் பேர். நம் அம்மாபேட்டையில் பாதிக்கு வருமோ என்னவோ. ஆனால் ஊருக்குள் இருக்கிற வேலைகளும் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கை. காலையில் சுற்றுக் கிராமங்களிலிருந்து ஜனம் உள்ளே வரும், சாயங்காலம் வடிந்துவிடும். செவ்வாய்ப்பேட்டை மாதிரிதான், லாரி மட்டும் இல்லை.

இனி உங்கள் கேட்டலாக் விஷயம். பேரிங்குக்குள் இருக்கிற குண்டு இருக்கிறதே, அதை ஒரே அளவில், ஒரே உருண்டையாக, மொத்தம் மொத்தமாக அரைத்து எடுக்கிற மிஷினை 1883-இல் செய்தவர் ஃபிரீட்ரிஷ் ஃபிஷர் என்ற அந்த ஊர்க்காரர். எஃப்ஏஜியில் முதல் எழுத்து அவர்தான். பத்துக் குண்டில் ஒன்று மட்டும் தலைமுடி அளவு பெரிதாக இருந்தால், பாரம் முழுக்க அதன் தலையில் விழும், மற்ற ஒன்பதும் சும்மா சுற்றும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் நாள்தோறும் மைக்ரோமீட்டரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து எந்தக் கவலையைப் படுகிறீர்களோ, அந்தக் கவலையை வைத்தே ஒரு ஊர் எழும்பியிருக்கிறது, அவ்வளவுதான். ஃபிஷரின் அப்பா ஆர்கன் வாத்தியம் செய்கிறவர். மிதிகட்டை வைத்த சைக்கிளும் ஒன்று செய்து ஓட்டியிருக்கிறார். கைவேலைக் குடும்பம்.

அப்புறம் 1895-இல் எர்ன்ஸ்ட் சாக்ஸ், கார்ல் ஃபிக்டல் என்று இருவர் சேர்ந்து சைக்கிள் ஹப், அதாவது சக்கரத்தின் நடுவில் இருக்கிற குடம், செய்யத் தொடங்கினார்கள். 1903-இல் டார்பிடோ என்று ஒரு ஹப் வந்தது. பெடலைப் பின்னால் மிதித்தால் பிரேக். அந்தக் கம்பெனிதான் பிற்பாடு கிளட்ச், ஷாக் அப்சார்பர் என்று வளர்ந்து இப்போது இசட்எஃப் என்ற பெரிய வாகன உதிரிபாகக் கம்பெனியின் கையில் இருக்கிறது. இந்த ஹப்போடு எனக்குச் சொந்தப் பகை உண்டு. போன புதிதில் ஒரு பழைய சைக்கிள் வாங்கினோம். ஆற்றை நோக்கி இறங்குகிற தெருவில், நம் ஊர்ப் பழக்கத்தில் சும்மா பெடலைப் பின்பக்கம் சுற்றினேன். வண்டி நின்றது. நான் நிற்கவில்லை. முழங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

ஊர் அழகாக இருக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மகள் கேட்பாள். பெரும்பாலும் இருக்காது. பக்கத்தில் பாம்பெர்க் என்று ஒரு ஊர், யுனெஸ்கோ பட்டியலில் இருப்பது, காலண்டர் படம் மாதிரி இருக்கும். இங்கே சிமென்ட் நிறத்தில் பெட்டி பெட்டியாகக் கட்டடம். காரணமும் அதே குண்டுதான். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் பேரிங்கில் பெரும்பங்கு இந்த ஒரு ஊரில் செய்யப்பட்டது. விமானமோ டாங்கியோ, அது இல்லாமல் நகராது. தறிக்காரர் ஒரு பேரிங் போனதென்று தறியை நிறுத்திவிட்டு உங்கள் வாசலில் வந்து நிற்பார் அல்லவா, அதே கணக்கை ஒரு நாட்டுக்கே போட்டுப் பார்த்தார்கள். 1943 ஆகஸ்ட் 17-இல் அமெரிக்க விமானங்கள் வந்தன. அக்டோபர் 14-இல் மறுபடி 291 கிளம்பி வந்தன, 60 விழுந்தன. ஒரு விமானத்தில் பத்துப் பேர். ஆலைகள் அடிபட்டன, ஆனால் நிற்கவில்லை. மிஷின்களைப் பிரித்து வேறு வேறு ஊர்களுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கீழே இருந்த ஊர்தான் போனது. இன்றைக்கும் தெருவில் நடந்தால் சன்னலே இல்லாத தடித்த கான்கிரீட் கட்டடம் எதிர்ப்படும், ஜனங்கள் ஒளிந்துகொள்ளக் கட்டியது. முதலில் ஏதோ குளிர்பதனக் கிடங்கு என்று நினைத்தேன்.

குண்டு போட்டவர்களே பிறகு எழுபது வருடம் அங்கே முகாம் போட்டிருந்தார்கள். 2014-இல்தான் அமெரிக்கப் படை காலி செய்தது. நாங்கள் போனபோது கடைகளில் டாலர் வாடை கொஞ்சம் மிச்சம் இருந்தது. அவர்கள் இருந்த இடத்தில் ஒரு பகுதிதான் இப்போது கல்லூரியின் புதிய வளாகம், ஐ-கேம்பஸ் என்பார்கள். உங்கள் மகளுக்கு அங்கேயும் வகுப்பு இருக்கலாம்.

அழகு என்று இரண்டு மூன்று உண்டு. சந்தைத் திடலில் 1570-களின் தொடக்கத்தில் கட்டி முடித்த நகரமன்றம், போருக்குத் தப்பியது. அதற்கு முன்னால் நாற்காலியில் ஒரு பெரியவர் சிலையாக உட்கார்ந்திருப்பார். ஃபிரீட்ரிஷ் ரூக்கர்ட், கவிஞர், 1788-இல் அந்தத் திடல் ஓரத்திலேயே பிறந்தவர். 44 மொழிகளோடு புழங்கியவர் என்று கணக்குச் சொல்கிறார்கள். அந்தப் பட்டியலைத் தேடிப் படித்தேன். பாரசீகம், அரபு, சமஸ்கிருதம் என்று போய்க்கொண்டே இருக்கிறது, நடுவில் தமிழ்! முதல் குளிர்காலத்தில் வீட்டுக்கு வெளியே தமிழ் பேச எனக்கு ஆளே இல்லை. காய் வாங்கப் போகும்போது அவரைக் கடக்கையில் "வணக்கம் ஐயா" என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். சத்தமாகவும் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன், பனி பெய்துகொண்டிருந்தது, யாரும் இல்லை.

காய் என்றதும் சொல்ல வேண்டும். பக்கத்துக் கிராமங்களான ஸென்ஃபெல்ட், கோக்ஸ்ஹைம் எல்லாம் காய்கறிக்குப் பேர்போனவை. நம் உழவர் சந்தை போல அவர்களே கொண்டுவந்து விற்பார்கள். ஏப்ரலிலிருந்து ஜூன் வரை வெள்ளையாக ஒரு தண்டு வரும், அஸ்பாரகஸ். அதற்கு ஜனங்கள் படுகிற பாடு நம் சேலத்தார் மல்கோவாவுக்குப் படுகிற பாடு. சாப்பிட்டுப் பார்த்தேன். வாழைத்தண்டே தேவலை.

மொழி. அந்தப் பகுதி ஃபிராங்கோனியா, வட்டாரப் பேச்சு தனி. வல்லினமெல்லாம் மெலிந்து வரும். ஜெர்மன் வகுப்பில் ப-வை இரண்டு விதமாக, ட-வை இரண்டு விதமாகச் சொல்லச் சொல்லி உயிரை எடுத்தார்கள். சந்தைக்கு வந்தால் காய்க்காரம்மா எல்லாவற்றையும் ஒன்றாகவே சொல்கிறார். நம் எழுத்திலும் ஒரு ப, ஒரு ட தானே. அன்றைக்குத்தான் எனக்கு வாய் திறக்கத் தைரியம் வந்தது.

ஜனங்கள் முகம் கொடுக்க நாளாகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மிக்ஸியில் தேங்காய்ச் சட்னி அரைத்தேன். கீழ் வீட்டு அம்மா வந்து மணி அடித்தார். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. கையில் ஒரு காகிதம், குடியிருப்பு விதிகள், ஞாயிற்றுக்கிழமை அமைதி என்ற வரிக்குக் கீழே பென்சிலால் கோடு. எனக்கு அவமானமாகப் போய்விட்டது. இரண்டு வாரம் அவர் படியேறும் சத்தம் கேட்டால் கதவைத் திறக்க மாட்டேன். அப்புறம் ஒரு நாள் எங்கள் வாசலில் ஒரு பை ஆப்பிள், அவர் தோட்டத்தில் காய்த்தது. அதில் சீட்டு ஏதும் இல்லை.

ராத்திரி நடப்பது பற்றி: நான் இருந்த ஐந்து வருடத்தில் பயந்தது கிடையாது. ஸ்டேஷன் பக்கம் இரவு வெகுநேரம் கழித்துக் குடித்தவர்கள் இருப்பார்கள், அது எல்லா ஊரிலும் உண்டு. குளிர் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, நல்ல கோட்டு வாங்கினால் போதும். ஏற்காட்டுக்காரி என்ற திமிரோடு போனவள் நான், குளிர் என்னை ஒன்றும் செய்யவில்லை. இருட்டுதான் செய்தது. டிசம்பரில் நாலரை மணிக்கு முன்னாலேயே பொழுது போய்விடும். நவம்பர் முழுக்க வானம் கஞ்சித் தண்ணீர் மாதிரி. உங்கள் மகள் நவம்பரில் ஃபோன் செய்து அழுதால் பதறாதீர்கள். மார்ச்சில் சரியாகிவிடும்.

கொண்டலாம்பட்டி லேத்:

அம்மணி, ரொம்ப நன்றி. பட்டறையில் வேலையை நிறுத்திவிட்டுப் பையன்களுக்கு வாசித்துக் காட்டினேன். சைக்கிளில் விழுந்த இடத்தில் சிரித்தார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். பத்தில் ஒரு குண்டு பெரிதாக இருந்தால் என்று எழுதியது நூற்றுக்கு நூறு. அப்பா சொல்வார், நல்ல பேரிங்கைக் கையில் பிடித்துச் சுற்றினால் சத்தம் காதுக்கு வராது, விரலுக்குத்தான் வரும் என்று.

இரண்டு சந்தேகம். பன்றி ஊர் என்கிறீர்கள், நாங்கள் அந்தக் கறி தொடுவதில்லை, பிள்ளை என்ன சாப்பிடுவாள்? அப்புறம் ஆறு பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே. எனக்கு ஆறு என்றால் திருமணிமுத்தாறுதான். ஜன்னலைச் சாத்திக்கொண்டு தாண்டிப் போவோம்.

நாகலூர் காப்பி:

சிரிக்கட்டும் அண்ணா, நானே இப்போது சிரிக்கிறேன்.

சாப்பாடு: பயப்பட வேண்டாம், சமைத்துத்தான் சாப்பிடப் போகிறாள். அரிசி, பருப்பு, மிளகாய்த்தூளுக்குத் துருக்கிக் கடைகள் போதும். உளுந்து, புளி என்றால் வூர்ட்ஸ்புர்க் போனால் கிடைக்கும், ரயிலில் அரை மணி நேரம். பன்றி விருந்து ஒன்று அந்த ஊருக்கே தனி உண்டு, ஷ்லாக்ட்ஷூஸல் என்று பெயர். வீட்டுக்காரரின் ஆலை நண்பர்கள் ஒரு தடவை கூப்பிட்டிருந்தார்கள். நீளமான மரப்பலகையை மேசை மேல் போட்டு, வேகவைத்த கறியை ஒவ்வொரு பாகமாகக் கொண்டுவந்து நேரடியாகப் பலகை மேலேயே வைப்பார்கள். தட்டு கிடையாது. அவரவர் முன்னால் உப்பு, மிளகு, துருவிய காட்டமான ஒரு கிழங்கு, புளித்த முட்டைக்கோஸ். நான் முட்டைக்கோஸும் ரொட்டியும் தின்றுவிட்டு உட்கார்ந்திருந்தேன். எதிரில் இருந்தவர் "உங்கள் ஊரில் இலையில் சாப்பிடுவீர்களாமே, அதற்கும் தட்டு வேண்டாமாமே" என்று கேட்டார். பலகையைத் துடைத்து வைக்க வேண்டும், இலையை மடித்துப் போட்டுவிடலாம், எங்களுடையது சுலபம் என்றேன். அன்றைக்கு என் ஜெர்மன் நன்றாக வந்தது.

ஆறு. அதைத் தனியாக எழுதலாம் என்றுதான் விட்டுவைத்தேன்.

எங்கள் சேர்வராயன் மலையில் பிறக்கிற தண்ணீர்தானே திருமணிமுத்தாறு. இங்கே கண்ணாடியாக இறங்கி உங்களிடம் வந்து சாக்கடையாகிறது என்பதை எப்போதும் ஒரு குற்றச்சாட்டாகவே சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அதனால் ஊருக்கு நடுவில் ஓடுகிற ஆற்றின் கரையில் ஜனம் பாய் விரித்துப் படுத்திருப்பதைப் பார்த்தபோது கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது.

மைன் 500 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் ஓடி ரைன் ஆற்றில் சேர்கிறது. நம் காவிரி மாதிரி பாசனத்துக்கு இல்லை, கப்பலுக்கு. பாம்பெர்க் பக்கத்திலிருந்து ரைன் வரைக்கும் 34 இடத்தில் தடுத்துப் படிக்கட்டு மாதிரி ஆக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு படியிலும், தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோகிற ஒரு பூட்டுத்தொட்டி. அதில் ஒன்று ஷ்வைன்ஃபுர்ட்டில் இருக்கிறது. எனக்கு வேலை இல்லாத நாட்களில் அங்கே போய் நிற்பேன்.

ஒரு சரக்குப் படகு வரும், நம் லாரி ஷெட்டை விட நீளம். உள்ளே நுழைகிற சந்தில் இரண்டு பக்கமும் ஒரு முழம் கூட இடம் இருக்காது. இன்ஜின் சத்தம் அடங்கும். கயிற்றைக் கம்பத்தில் மாட்டுவார்கள். பின்கதவு சாத்தும். அப்புறம் ஒன்றுமே நடக்காது போலிருக்கும். சுவரில் பாசி படிந்த ஈரக் கோடு ஒன்று தெரியத் தொடங்கும், அதைப் பார்த்தால்தான் படகு இறங்குகிறது என்பதே தெரியும். கொஞ்ச நேரத்தில் என் காலுக்கு நேராக இருந்த மேல்தளம் ஆளுயரத்துக்கும் கீழே போய்விடும். மேல்தளத்தில் படகுக்காரரின் கார் நிற்கும், கொடியில் துணி காயும், ஒரு நாய் என்னைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே கீழே கீழே போகும். குரல் மட்டும் மேலே வரும். முன்கதவு திறக்கும், போய்விடும். 1992-இல் மைனையும் டான்யூபையும் கால்வாயால் இணைத்துவிட்டதால், அந்தப் படகு நினைத்தால் கருங்கடல் வரை போகலாம். நான் மிக்ஸி சத்தத்துக்குப் பயந்துகொண்டு இருந்த காலத்தில் இதைப் பார்ப்பது ஒரு பெரிய ஆறுதல்.

வெள்ளம் வரும். பனி உருகுகிற சமயத்தில் கரையோர நடைபாதை தண்ணீருக்குள் போய்விடும். ஊருக்குள் வராமல் தடுப்புக் கட்டியிருக்கிறார்கள். குடியிருப்பு எதையும் ஆற்றோரத்தில் தேட வேண்டாம், வாடகையும் அதிகம்.

அப்போதெல்லாம் ஆற்றோரமாகத் தெற்கே நடந்தால் கிராஃபென்ரைன்ஃபெல்ட் அணுமின் நிலையத்தின் இரண்டு கோபுரங்கள் தெரியும், 143 மீட்டர் உயரம், எப்போதும் ஆவி. போன புதிதில் அது எனக்கு மேட்டூர் அனல்மின் நிலையம். ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்கிற மலைமுனையில் நின்று வானம் தெளிந்த நாளில் மேட்டூர்ப் பக்கம் தேடிப் பார்த்து வளர்ந்தவளுக்கு, அந்த ஆவியைப் பார்த்தால் ஊர் ஞாபகம். 2015 ஜூனில் நிலையத்தை மூடினார்கள். ஆவி நின்ற அன்று வானத்தில் ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. 2024 ஆகஸ்டில் கோபுரங்களை வெடிவைத்து இறக்கினார்கள். அதை இங்கே காப்பிக் களத்தில் உட்கார்ந்து ஃபோனில் பார்த்தேன். வேலைக்கு வந்த பெண்கள் "என்னக்கா, உங்க ஊரா?" என்று கேட்டார்கள். என்ன சொல்வதென்று தெரியாமல் ஆமாம் என்றேன்.

கோயில்: ஊரில் இல்லை. ஹாம் என்ற நகரில் ஈழத்தமிழர்கள் கட்டிய காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது, 2002-இல் குடமுழுக்கு, கோபுரத்தோடு பெரிய கோயில். ஆனால் தூரம், ரயிலில் ஒரு நாள் போய்விடும். நாங்கள் ஐந்து வருடத்தில் இரண்டு தடவை தேர்த்திருவிழாவுக்குப் போனோம். ஆடி மாதம் கோட்டை மாரியம்மனுக்கு ஏங்கினால் வீடியோவில் பார்ப்பதுதான் வழி.

அழகாபுரம் பையன்:

அங்கிள், நான் இப்போது அங்கேதான் படிக்கிறேன், இரண்டாம் வருடம். அக்கா சொன்ன ஆற்றுக்கு நான் இதுவரை நாலு தடவை போயிருப்பேன். எங்களுக்கு வேறு கவலை, அதை மட்டும் சொல்கிறேன்.

விசாவுக்காக வங்கியில் முடக்கி வைக்க வேண்டிய பணம் வருடத்துக்கு 11,904 யூரோ. அதிலிருந்து மாதம் 992 கைக்கு வரும். சிக்கனமாக இருந்தால் இந்த ஊரில் போதும், மியூனிக்கில் போதாது. அஞ்சு ரோட்டு அண்ணா ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன். ஏபிஎஸ் சான்றிதழ் (நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது) வாங்கியாயிற்றா என்று பாருங்கள், அது இல்லாமல் விசா நகராது. அறை தேடுவதை இன்றைக்கே தொடங்கச் சொல்லுங்கள். பார்க்காமல் முன்பணம் அனுப்பவே கூடாது. என் வகுப்புத் தோழன் ஒருவன் இல்லாத வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டினான்.

பகுதிநேர வேலை வருடத்தில் 140 முழு நாள் செய்யலாம் என்பது விதி. வேலை கிடைப்பது வேறு கதை. எல்லோரும் பேரிங் கம்பெனி, கிளட்ச் கம்பெனி என்று கனவோடு வருகிறோம், ஆனால் எலக்ட்ரிக் காருக்குக் கிளட்ச் வேண்டாம் அங்கிள். இசட்எஃப் 2024-இல், ஜெர்மனியில் 2028-க்குள் 14 ஆயிரம் வேலைகள் வரை குறைப்பதாகச் சொல்லிவிட்டது. ஊரில் யாரிடம் பேசினாலும் அந்தப் பேச்சுதான். முன்னால் நம் பிள்ளைகள் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டே உள்ளே நுழைந்துவிடுவார்கள், இப்போது ஜெர்மன் நன்றாக இல்லையென்றால் பதிலே வராது. அங்கே போய்ப் படித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட வேண்டாம், கிளம்புவதற்கு முன்னால் முடிந்த வரை படிக்கட்டும்.

மிக்ஸி கொண்டுவரலாம். கரன்ட் ஒன்றுதான், பிளக் மட்டும் மாற்ற வேண்டும். லேத்தில் என்ன வேலை தெரியுமோ அதையும் கற்றுக்கொண்டு வரச் சொல்லுங்கள். இங்கே ஒர்க்‌ஷாப் வகுப்பில் கை படிந்தவர்களுக்குத் தனி மரியாதை.

அஞ்சு ரோட்டான்:

வாடகை விஷயத்தில் தம்பி சொன்னது சரி. ஒத்துக்கொள்கிறேன். என் சம்பளத்தில் பாதி அங்கேதான் போகிறது. மேட்டூர் என்று எழுதியதற்கு மேட்டூர்க்காரர்கள் மன்னிக்கவும்.

கொண்டலாம்பட்டி லேத்:

தம்பி, நன்றி. கிளட்ச் விஷயம் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. அப்புறம் யோசித்தேன். தறி நாடா போய் நாடா இல்லாத தறி வந்தபோதும் எங்கள் தெருவில் இப்படித்தான் பேசினார்கள். பாதிப் பட்டறை மூடியது நிஜம். மீதிப் பாதி வேறு வேலை பிடித்துக்கொண்டோம். அவள் படித்து முடிக்க மூன்றரை வருடம் இருக்கிறது, பார்ப்போம். நேற்றிலிருந்து சாயங்காலம் ஒரு மணி நேரம் லேத்தில் நிற்கிறாள். முதல் நாளே டூலை உடைத்துவிட்டாள்.

அம்மணி, ஒரு உதவி. மகள் உங்களை நேரில் பார்த்துப் பேச வேண்டும் என்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை நாகலூர் வந்தால் தொந்தரவாக இருக்குமா? குகைப் பகுதியிலிருந்து தட்டுவடை செட் வாங்கி வருகிறோம்.

நாகலூர் காப்பி:

தாராளமாக வாருங்கள். பத்து மணிக்குள் மேலே வந்துவிடுங்கள், அதற்கு மேல் ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் கார்கள் நெருக்கியடிக்கும். ஏரிக்கு வந்ததும் ஃபோன் செய்யுங்கள், வழி சொல்கிறேன். நான் வைத்திருந்த நல்ல கோட்டு ஒன்று பெட்டியில் சும்மா கிடக்கிறது, அவளுக்குச் சேர்ந்தால் எடுத்துக்கொள்ளட்டும்.

தட்டுவடையைச் செட்டாக வாங்க வேண்டாம். தட்டுவடை தனி, கேரட் பீட்ரூட் தனி, இரண்டு சட்னியும் தனித்தனி என்று கட்டித் தரச் சொல்லுங்கள். இருபது வளைவு ஏறி வருவதற்குள் ஊறிப் போய்விடும்.